பன்னிருவர் கூடிய வட்டம்

ஆலயம் நிறைந்திருந்தால் திருச்சபை நலமாக இருக்கிறது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. சொற்பொழிவு கேட்கத் திரளும் மக்களின் எண்ணிக்கை, எழும்பும் கட்டடங்களின் உயரம், சேரும் காணிக்கையின் அளவு ஆகியவையே அளவுகோல்களாக அமைந்துவிடுகின்றன. ஆனால் கூட்டம் கலைந்து, கேட்டவர் தம் வீட்டிற்குத் திரும்பிய பிறகு, அவரது வாழ்க்கையில் நிகழ்வது என்ன? இந்தக் கேள்வியை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் ஜான் வெஸ்லி. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த அவரது வாழ்க்கை, ஒரு திருச்சபைக்கு உயிரூட்டுவது எது என்பதற்கான நீண்டதொரு தேடல் என்றே சொல்லலாம். அந்தத் தேடலில் அவர் கண்ட வெற்றியைப் போலவே தோல்வியும் நமக்குப் பாடமாக அமைகிறது.

அன்னையின் வியாழக்கிழமை

லிங்கன்ஷயர் பகுதியிலுள்ள எப்வொர்த் என்னும் சிற்றூரில் 1703 ஜூன் மாதம் வெஸ்லி பிறந்தார். தந்தை சாமுவேல் அவ்வூர் ஆங்கிலத் திருச்சபையின் போதகர். அன்னை சூசன்னா பெற்ற 19 குழந்தைகளில் ஜான் 15-ஆவது குழந்தை. அவர்களுள் பலர் சிறு வயதிலேயே இறந்துவிட்டனர். 1709-இல் ஓர் இரவு வீடு தீப்பற்றி எரிந்தபோது, மாடியில் சிக்கிக்கொண்ட ஐந்து வயது ஜானை, ஒருவர் தோள்மீது மற்றொருவர் ஏறி நின்று ஜன்னல் வழியாக மீட்டனர். இறைவன் காப்பாற்றித் தந்த இந்தக் குழந்தையின் ஆன்மாவைத் தாம் தனிக் கவனத்துடன் பேண வேண்டும் என்று அன்னை உறுதி பூண்டார்.

வறுமை, கடன், ஓயாத வீட்டு வேலை ஆகியவற்றுக்கு இடையிலும் அவர் ஒரு நியமத்தைக் கடைப்பிடித்தார். குழந்தை ஒவ்வொன்றுடனும் வாரத்தில் ஒரு மாலை வேளை தனித்து அமர்ந்து, அதன் மனநிலையையும் இறைநாட்டத்தையும் குறித்துப் பேசுவார். ஜானுக்கு உரிய நாள் வியாழக்கிழமை. பிற்காலத்தில் கல்லூரி ஆசிரியரான பிறகும், அந்த வியாழக்கிழமை மாலையின் பயனை வெஸ்லி ஏக்கத்துடன் நினைவுகூர்ந்தார்.

1711-12 குளிர்காலத்தில் தந்தை லண்டனில் தங்கியிருந்தபோது, சூசன்னா ஞாயிறு மாலைகளில் தம் குழந்தைகளுக்காகச் சமையலறையில் பிரார்த்தனை நடத்தினார். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வரத் தொடங்கி, இறுதியில் இருநூறு பேருக்கு மேல் கூடினர். ஒரு பெண் இவ்வாறு செய்வது முறையாகாது என்று துணைப் போதகர் புகார் எழுதினார். கணவர் வெளிப்படையாகத் தடுத்து ஆணையிட்டாலன்றித் தாம் நிறுத்தப்போவதில்லை என்று சூசன்னா பணிவுடனும் உறுதியுடனும் தெரிவித்தார். தனித்தனியே ஒவ்வொருவரையும் கவனித்தல், வீட்டில் கூடும் சிறு கூட்டம் ஆகிய இரண்டையும் சிறுவன் ஜான் கண்ணாரக் கண்டான். அவற்றின் பொருள் விளங்க அவருக்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

அன்பில்லாத ஒழுங்கு

1720-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வெஸ்லி, 1726-இல் லிங்கன் கல்லூரியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1728-இல் குருத்துவம் பெற்றார். அவருடைய தம்பி சார்லஸ் 1729-இல் தொடங்கிய சிறு குழுவுக்கு அவரே தலைவரானார். குழுவினர் கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டைப் பயின்றனர். புதனும் வெள்ளியும் உபவாசம் இருந்தனர். சிறைக்கைதிகளையும் ஏழைகளையும் சென்று கண்டனர். நேரம் தவறாத இவர்களது முறைமையைக் கேலி செய்து சக மாணவர்கள் இட்ட பட்டப்பெயரே மெதடிஸ்டு என்பது.

அந்நாளில் வெஸ்லி தம் செலவுக்கு ஆண்டுக்கு 28 பவுண்டு போதும் என்று வரையறுத்தார். வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 2 பவுண்டைத் தானம் செய்தார். வருமானம் 60 பவுண்டாக உயர்ந்தபோதும் 28-லேயே வாழ்ந்து 32 பவுண்டை ஏழைகளுக்கு அளித்தார். இந்தக் கணக்கை அவர் வாழ்நாளின் இறுதிவரை மறக்கவில்லை.

இத்தனை ஒழுங்கு இருந்தும் உள்ளத்தில் அமைதி இல்லை. 1735-இல் வட அமெரிக்காவிலிருந்த ஜார்ஜியா குடியேற்றத்திற்குப் போதகராகக் கப்பலேறினார். நடுக்கடலில் புயல் தாக்கியபோது அவர் மரண பயத்தால் நடுங்கினார். அதே கப்பலில் இருந்த ஜெர்மானிய மொரேவியப் பக்தர்களோ, குழந்தைகள் உட்பட, அமைதியாகத் துதிப்பாடல் பாடிக்கொண்டிருந்தனர். தமக்குள் இல்லாத ஒன்று அவர்களிடம் இருப்பதை அவர் அப்போது உணர்ந்தார்.

சவான்னா நகரில் அவரது பணி துன்பத்தில் முடிந்தது. அங்கே தாம் மணக்க எண்ணித் தயங்கிய ஒரு பெண் வேறொருவரை மணந்துகொண்டாள். பின்னர், திருவிருந்துக்குரிய விதிகளை அவள் கடைப்பிடிக்கவில்லை என்று காரணம் காட்டி, சபையார் முன்னிலையில் அவளுக்குத் திருவிருந்து அளிக்க மறுத்தார் வெஸ்லி. விதி சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதைச் செலுத்திய கை புண்பட்ட மனத்தின் கையாக இருந்தது. அவர்மீது வழக்கு தொடுக்கப்பட்டது. 1737 டிசம்பரில் அவர் ஜார்ஜியாவை விட்டு வெளியேறினார். ஒழுங்கு மட்டும் ஒரு சபையை நலமாக்காது, அன்பற்ற இடத்தில் அது காயப்படுத்தவே செய்யும் என்ற பாடத்தை அவர் பெருவிலை கொடுத்துக் கற்றார்.

திறந்த வெளியில்

நாடு திரும்பிய வெஸ்லி, 1738 மே 24 அன்று மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்திற்கு மனமின்றியே சென்றார். ரோமருக்கு எழுதிய நிருபத்திற்கு மார்ட்டின் லூதர் அளித்த முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும்போது வெஸ்லியின் இதயத்தில் இதுவரை அறியாத ஒரு கனிவு பரவியது. தம் முயற்சியால் அல்ல, இறையருளால் தாம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாக அவர் உணர்ந்தார். அந்தக் கோடையில் ஜெர்மனியிலுள்ள ஹெர்ன்ஹூட் என்னும் ஊருக்குச் சென்று, மொரேவியர்கள் சிறு குழுக்களாகக் கூடி ஒருவருக்கொருவர் மனம் திறந்து பேசும் முறையை நேரில் கண்டார்.

மறு ஆண்டில் நண்பர் ஜார்ஜ் விட்பீல்டு அவரைப் பிரிஸ்டல் நகருக்கு அழைத்தார். ஆலயத்திற்கு வெளியே பிரசங்கம் செய்வதே பாவம் என்று எண்ணும் அளவுக்கு வெஸ்லி மரபில் ஊறியவர். ஆயினும் 1739 ஏப்ரல் 2 அன்று, நகருக்கு வெளியே ஒரு மேட்டில் நின்று ஏறத்தாழ 3,000 பேருக்குப் பிரசங்கம் செய்தார். அருகிலிருந்த கிங்ஸ்வுட் பகுதியின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் திரண்டு வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆலயத்தில் கால் வைத்திராதவர்கள். அவர்களைத் தேடிச் சென்ற போதகர்கள் மிக அரிது.

மக்கள் ஆயிரக்கணக்கில் கூடினர், அழுதனர், மனம் திரும்பினர். மற்றொருவராக இருந்திருந்தால் இதுவே போதும் என்று நிறைவடைந்திருப்பார். வெஸ்லியின் கவலையோ இங்குதான் தொடங்கியது.

வாரம் ஒரு பென்னி

பிரிஸ்டலில் 1739-இல் எழுப்பிய பிரார்த்தனைக் கூடத்தின் கடன் அடைபடாமல் இருந்தது. அதுபற்றி ஆலோசிக்க 1742 பிப்ரவரி 15 அன்று சிலர் கூடினர். முன்னாள் கப்பல் தலைவர் ஒருவர் எளிய யோசனை ஒன்றைக் கூறினார்: கடன் தீரும்வரை உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம். பலர் அதற்கும் வழியற்ற ஏழைகள் என்று ஒருவர் மறுத்தார். அப்படியானால் மிகவும் ஏழைகளான பதினொரு பேரைத் தம் பொறுப்பில் விடுமாறு அவர் கேட்டுக்கொண்டார். தாமே வாரந்தோறும் அவர்கள் வீட்டிற்குச் செல்வதாகவும், அவர்களால் இயலாதபோது அவர்களுக்காகத் தாமே செலுத்துவதாகவும் அவர் உறுதியளித்தார். மற்றவர்களும் அவ்வாறே பதினொருவர் வீதம் ஏற்றனர். இவ்வாறு பொறுப்பேற்றவரையும் சேர்த்துப் பன்னிருவர் கொண்ட வட்டம் பிறந்தது.

காசு வாங்கச் சென்றவர்கள் வீடுகளின் நிலையையும் கண்டு வந்தனர். ஒருவர் மீண்டும் குடிக்கத் தொடங்கியிருந்தார். இன்னொருவர் வீட்டில் ஓயாத சண்டை. வேறொருவர் நோயுற்றுக் கவனிப்பாரின்றிக் கிடந்தார். இதைக் கேட்ட வெஸ்லி, தாம் நெடுங்காலம் தேடியது இதுவே என்று உணர்ந்தார். கடனுக்காகத் தோன்றிய ஏற்பாடு ஆன்மாக்களைப் பேணும் ஏற்பாடாக மாறியது. வீடு வீடாகச் செல்வதில் இடையூறுகள் இருந்ததால், பன்னிருவரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடினர். வகுப்புக் கூட்டம் என்று இது பெயர் பெற்றது.

அங்கே சொற்பொழிவு இல்லை. கடந்த வாரம் தம் ஆன்மா எவ்வாறிருந்தது, எங்கே இடறியது, எதனால் எழுந்தது என்று ஒவ்வொருவரும் கூறுவர். தலைவரும் தம் நிலையைக் கூறுவார். மற்றவர்கள் ஆறுதலோ எச்சரிக்கையோ அளிப்பர். பிறகு அனைவரும் பிரார்த்திப்பர். நோயுற்றவர் யார், வழி தவறுபவர் யார் என்பதை வகுப்புத் தலைவர் போதகருக்குத் தெரிவிப்பார். எப்வொர்த் வீட்டில் அன்னை ஒரு குழந்தைக்கு அளித்த வியாழக்கிழமை மாலை, இப்போது சுரங்கத் தொழிலாளிக்கும் நெசவாளிக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும் கிடைத்தது.

வாயில் அகலம், வழி குறுகல்

இந்த வட்டத்தில் சேர ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது: பாவத்திலிருந்து மீட்கப்பட வேண்டும் என்ற விருப்பம். கல்வி, செல்வம், கோட்பாட்டு அறிவு எதுவும் கேட்கப்படவில்லை. ஆனால் அந்த விருப்பம் வாழ்க்கையில் தெரிய வேண்டும். 1743-இல் வெஸ்லி வெளியிட்ட பொது விதிகள் மூன்றைக் கூறின: தீமை செய்யாதிருத்தல், இயன்ற நன்மை அனைத்தையும் செய்தல், வழிபாடும் உபவாசமும் போன்ற இறைநியமங்களைக் கடைப்பிடித்தல். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை உறுப்பினர் ஒவ்வொருவரும் விசாரிக்கப்பட்டனர். தகுதியுடையவருக்குச் சீட்டு புதுப்பிக்கப்பட்டது; மற்றவருக்குப் புதுப்பிக்கப்படவில்லை.

1743-இல் நியூகாசில் நகரில் அவர் 64 பேரை நீக்கினார். காரணங்களையும் எண்ணிக்கையுடன் குறித்து வைத்தார். குடிப்பழக்கத்திற்காக 17 பேர், சண்டையிட்டதற்காக 3 பேர், மனைவியை அடித்ததற்காக ஒருவர், சோம்பலுக்காக ஒருவர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அசட்டையும் விளையாட்டுப் போக்கும் காரணமாக நீக்கப்பட்டவர்கள் 29 பேர். கொள்கை வேறுபாட்டிற்காக நீக்கப்பட்டவர் ஒருவரும் அந்தப் பட்டியலில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. சவான்னாவில் காட்டிய அதே கண்டிப்புதானா இது என்று கேட்கத் தோன்றும். வேறுபாடு உண்டு. அங்கே குருவானவர் ஒருவர் தம் அதிகாரத்தால் தனித்துத் தீர்ப்பளித்தார். இங்கே வாரந்தோறும் அருகிலிருந்து தாங்கிய தோழர்கள் இருந்தனர். அவர்களது கண்காணிப்புக்குப் பிறகே சீட்டு மறுக்கப்பட்டது.

இதற்கு நேர்மாறான தவற்றையும் வெஸ்லி கண்டார். வேல்ஸ் நாட்டின் பெம்புரோக்ஷயர் பகுதியில் பல ஆண்டுகளாக எழுச்சியூட்டும் பிரசங்கங்கள் நிகழ்ந்திருந்தன. ஆனால் கேட்டவர்களை ஒன்றிணைக்க எந்த ஏற்பாடும் இல்லை. 1763-இல் அங்கே சென்ற வெஸ்லி, ஒருகாலத்தில் விழித்தெழுந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் முன்னிலும் ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பதாகக் கணித்தார். தொடர்ந்து பேண வழியில்லாத இடத்தில் மக்களை எழுப்புவதே தவறு என்ற முடிவுக்கு அவர் வந்தார். விட்பீல்டு வெஸ்லியைவிடச் சிறந்த சொற்பொழிவாளர் என்பதில் ஐயமில்லை. ஆனால் கேட்டவர்களைச் சிறு வட்டங்களாக இணைக்கும் பணியில் அவர் வெஸ்லி அளவுக்கு ஈடுபடவில்லை.

எளியோர் கையில் பொறுப்பு

இத்தனை வட்டங்களுக்குத் தலைவர்கள் எங்கிருந்து வந்தனர்? குருத்துவம் பெறாத தாமஸ் மாக்ஸ்பீல்டு என்னும் இளைஞர் லண்டனில் பிரசங்கம் செய்யத் துணிந்தார் என்று கேட்டு, அதைத் தடுக்க வெஸ்லி விரைந்து வந்தார். அப்போது கணவரை இழந்து மகனுடன் வாழ்ந்த சூசன்னா அவரை நிறுத்தினார். முதலில் அந்த இளைஞரின் பேச்சையும் அதன் பயனையும் காணுமாறு அறிவுறுத்தினார். வெஸ்லி கேட்டார், தம் கருத்தை மாற்றிக்கொண்டார். கொத்தனார்களும் தையற்காரர்களும் போதகர்களாயினர். பெண்கள் வகுப்புத் தலைவர்களாயினர். சாரா கிராஸ்பி, மேரி போசன்கே போன்றோர் பிற்காலத்தில் பிரசங்கமும் செய்தனர். போதகர்கள் ஓரிடத்தில் நிலைத்துவிடாமல் ஊர் ஊராக மாற்றப்பட்டனர். ஒரே மனிதரிடம் எல்லா வரங்களும் இருப்பதில்லை என்பது வெஸ்லியின் கருத்து. 1744-இல் லண்டனில் பத்துப் பேருடன் தொடங்கிய ஆலோசனைக் கூட்டம் ஆண்டுதோறும் நடைபெறும் மாநாடாக வளர்ந்தது.

உள்ளே கவனித்தல் வெளியே சேவையாக மலர்ந்தது. 1746-இல் லண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்தகம் திறக்கப்பட்டது. கடன்காரர்களின் பிடியிலிருந்து எளிய தொழிலாளர்களைக் காக்க, மூன்று மாதத்தில் திருப்பிச் செலுத்தும் சிறு கடன் நிதி ஏற்படுத்தப்பட்டது. வீட்டு மருத்துவம் பற்றி 1747-இல் வெஸ்லி நூல் வெளியிட்டார். 1748-இல் கிங்ஸ்வுட்டில் பள்ளி தொடங்கினார். 1774-இல் அடிமை முறையைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். 1785 ஜனவரியில், 81 வயதில், ஏழைகளுக்கு ஆடை வாங்குவதற்காக, உருகும் பனி நிறைந்த லண்டன் தெருக்களில் காலை முதல் மாலை வரை நடந்து 200 பவுண்டு திரட்டினார்.

ஒளியின் அருகே நிழல்

வெஸ்லியிடம் குறைகள் இல்லாமலில்லை. 1751-இல் மேரி வாசெய்ல் என்னும் கைம்பெண்ணை மணந்தார். அந்த இல்வாழ்க்கை இருவருக்கும் கசப்பாகவே அமைந்து பிரிவில் முடிந்தது. 1781-இல் அவர் இறந்த செய்தி, அடக்கம் முடிந்த பிறகே வெஸ்லிக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான வீடுகளின் நலத்தை வாரந்தோறும் விசாரிக்க ஏற்பாடு செய்தவரின் சொந்த வீடு விசாரிப்பாரற்றுக் கிடந்தது. இயக்கத்தில் இறுதி முடிவு தம்முடையதே என்ற அவரது போக்கும் பலருக்கு மனவருத்தம் தந்தது. ஆங்கிலத் திருச்சபையை விட்டுப் பிரியக் கூடாது என்று வலியுறுத்திய அவரே, 1784-இல் அமெரிக்காவுக்கான போதகர்களுக்குத் தாமே குருத்துவம் அளித்தார். பேராயருக்கு மட்டுமே உரிய செயல் அது என்று தம்பி சார்லஸ் மிகவும் வருந்தினார். அதே ஆண்டில், தமக்குப் பின் இயக்கத்தைப் பொறுப்பேற்க நூறு போதகர்கள் கொண்ட அமைப்பைச் சட்டப்படி நிறுவினார். தனி மனிதரான தம்மை நம்பி இயக்கம் நிற்கலாகாது என்பதை இறுதியிலாவது அவர் செயலில் காட்டினார்.

முதுமையில் அவரை வாட்டிய கவலை ஒன்று உண்டு. கிறிஸ்தவம் உலகிற்கு இவ்வளவு குறைவாகவே நன்மை செய்திருப்பது ஏன் என்று 1789-இல் எழுதிய ஒரு பிரசங்கத்தில் ஆராய்ந்தார். உண்மையான போதனை இல்லாத இடங்கள் சில. போதனை இருந்தும் ஒழுங்கு இல்லாத இடங்கள் பல. தம் மெதடிஸ்டுகளிடம் இரண்டும் இருந்தன. ஆயினும் குறை நீங்கவில்லை. எங்கே தவறு? நேர்மையாக உழைத்தனர், சிக்கனமாகச் சேமித்தனர், அதனால் செல்வம் வளர்ந்தது. ஆனால் கொடுத்தல் என்ற மூன்றாம் படியில் பலர் ஏறவில்லை. தன்னலத் துறவு குன்றிய இடத்தில் போதனையும் ஒழுங்கும் பயன் தராமல் போகின்றன என்று அவர் கண்டார். தாம் வளர்த்த மரத்தின் வேரிலேயே நோயைக் கண்டு, அதை மறைக்காமல் எடுத்துரைத்த நேர்மை அவருடையது.

1791 பிப்ரவரி 24 அன்று, அடிமை வாணிபத்தை எதிர்த்துப் போராடிய வில்லியம் வில்பர்போர்ஸுக்கு ஊக்கமளித்துக் கடிதம் எழுதினார். ஆறு நாட்களுக்குப் பிறகு, மார்ச் 2 அன்று, லண்டனில் 87 வயதில் இறைவனடி சேர்ந்தார். ஏறத்தாழ இரண்டரை லட்சம் மைல் பயணம் செய்து, 40,000 முறை பிரசங்கம் செய்தவர் என்று கணக்கிடப்படுகிறது. ஆடம்பர ஊர்வலம் கூடாது. ஆறு ஏழைகள் தம் உடலைச் சுமக்க வேண்டும். அவர்களுக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு தர வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். நூல்களின் விற்பனையால் ஈட்டிய பெருந்தொகையை ஏற்கெனவே கொடுத்துத் தீர்த்திருந்ததால், அவர் விட்டுச் சென்ற பணம் மிகச் சொற்பம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அன்று சங்கங்களில் இருந்தவர்கள் ஏறத்தாழ 72,000 பேர்.

அவர் வழிவந்த போதகர்கள் 1814-இல் இலங்கைக்கும் 1817-இல் சென்னைக்கும் வந்தனர். 1947 செப்டம்பரில் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அதில் இணைந்த மரபுகளுள் மெதடிஸ்டு மரபும் ஒன்று.

வெஸ்லியின் வாழ்க்கை நமக்குக் கூறுவது இதுவே: ஒழுங்கு மட்டும் இருந்தால் சபை காயப்படுத்தும், உணர்ச்சி மட்டும் இருந்தால் அது உறங்கிப்போகும். ஒருவரையொருவர் பெயர் சொல்லி விசாரிக்கும் அன்பில் ஒழுங்கு வேரூன்றும்போதுதான் சபை நலம் பெறுகிறது; பெற்றதைக் கொடுக்கும்போதுதான் அந்த நலம் நிலைக்கிறது. நாம் கூடும் இடம் எதுவாயினும், இந்த வாரம் வராமல் போனவர் யார் என்பது நமக்குத் தெரியுமா? அவர் வீட்டு வாசலுக்கு நாம் சென்றோமா? பிரிஸ்டலின் அந்தக் கப்பல் தலைவர் கடனடைக்கப் புறப்பட்ட வழி இன்றும் திறந்தே இருக்கிறது.